ஒரு கையில் மட்டும் இருந்த மரு

எங்கள் சாருடைய மேசைமேல் கனத்த கண்ணாடி ஒன்று கிடக்கும். அதற்கும் பலகைக்கும் நடுவே படங்களைச் செருகி வைப்பது அவர் பழக்கம். பட்டமளிப்பு அங்கியில் அவர் நிற்கிற படம், பிள்ளைகள் இரண்டும் சீருடையில் சிரிக்கிற படம், அப்புறம் அவரிடம் ஆராய்ச்சி முடித்துப் போன ஒவ்வொருவரின் முடிவுக்கும் ஒரு கலர் பிரிண்ட். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வேலை முடிந்ததா என்று யாரும் கேட்க மாட்டோம். "கண்ணாடிக்குக் கீழ போயிருச்சா?" என்றுதான் கேட்போம். போய்விட்டால் அம்புட்டுத்தான். அதற்குமேல் அதைத் திருத்த யாருக்கும் தைரியம் வராது. சாருக்கே வராது.

என் படமும் அங்கே இருந்தது. பார்க்க லட்சணமான படம். ஆனால் பொய்.

நான் பசுமலைக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஆராய்ச்சி செய்த கல்லூரி ஊருக்கு வெளியே, பஸ்ஸை விட்டு இறங்கினால் புழுதியும் வேலிக்கருவேலுமாக இருக்கும் இடத்தில். என் ஆராய்ச்சிப் பொருள் அந்தப் புழுதியிலேயே கிடப்பதுதான். வானம் பார்த்த பூமியில், ஒரு சொட்டு மழை இல்லாமல் காய்ந்து கிடக்கும் மண்ணில், சாகாமல் படுத்திருக்கும் ஒரு பாக்டீரியா. மண்ணை எடுத்து வந்தது உசிலம்பட்டிக்காரரான எங்கள் சீனியர். அவர் வீட்டுப் புஞ்சைக்காட்டிலிருந்தே அள்ளி வந்தார். அவரை நான் அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

அந்தப் பாக்டீரியாவின் தோலில் குட்டிக் குட்டியாய் வாசல்கள் உண்டு. ஒவ்வொரு வாசலும் ஒரு புரதம். ஆறு கைகள் வட்டமாகக் கோத்து நிற்பது போன்ற அமைப்பு. ஈரம் வந்தால் வாசல் திறக்கும், காய்ந்தால் மூடிக்கொள்ளும். எப்படி மூடுகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. என் இளமையில் நல்ல பாகத்தை அதற்குக் கொடுத்தேன். கொடுத்தேன் என்று பெருமையாகச் சொல்கிறேன், பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் சரி.

புரதத்தைச் சுத்தம் செய்து, உறைய வைத்து, வேறு ஊரில் இருக்கும் பெரிய மின்நுண்ணோக்கிக்கு அனுப்புவோம். அங்கிருந்து ஹார்ட் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான படங்கள் வரும். எல்லாம் மணல் அள்ளித் தெளித்த மாதிரி மங்கல். ஒவ்வொன்றிலும் அந்த வாசல் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பிக் கிடக்கும். கம்ப்யூட்டர் அவற்றைத் தடவித் தடவி ஒன்றோடொன்று பொருத்தி, கடைசியில் ஒரு முப்பரிமாண உருவம் தரும். அதற்கு நாங்கள் வால்யூம் என்போம். சின்னச் சின்னக் கட்டங்களை அடுக்கிக் கட்டின பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண் இருக்கும். எண் பெரிதாக இருந்தால் அங்கே பொருள் இருக்கிறது, சிறிதாக இருந்தால் வெறும் நீர்.

முதல் வால்யூம் வந்த அன்று அண்ணனும் பக்கத்தில் இருந்தார். திரையில் அதை மெதுவாகத் திருப்பினேன். ஒரு கை, இரண்டு கை, எல்லாம் ஒரே மாதிரி. ஆறாவது கை வந்ததும் அண்ணன் குனிந்து பார்த்தார்.

"தங்கச்சி, இதென்ன இந்தக் கையில மட்டும் மரு மாதிரி?"

ஒரு சின்னப் புடைப்பு. கையின் உள்பக்கம், வாசலின் வாயைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற ஐந்து கைகளிலும் அது இல்லை. ஒரு கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போதுமே, ஆறு எதற்கு? இதுதான் மூடுகிறது என்று என் மனசுக்குப் பட்டது. மனசுக்குப் பட்டால் போதாது என்பதால் படங்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாக உருவம் எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் மரு இருந்தது. இரண்டிலும் ஒரே ஒரு கையில்தான். தூசியாக இருந்தால் இரண்டு முறையும் வந்து அதே மாதிரி உட்காராது.

சாரிடம் ஓடினேன். அவர் ஏதோ கமிட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, ஆறு கை இருக்குதுன்னு தெரியுதுல்ல? சிமெட்ரி போட்டியா?"

"போடல சார். போட்டா இந்த மரு போயிரும்."

"போனாப் போகுது. அது தூசி. ஆறு கை உள்ளதுக்கு ஆறு மடங்கு போடாம யாராச்சும் படம் காட்டுவாங்களா?"

சிமெட்ரி போடுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கோபம் புரியாது. கருப்புத் திரையில் ஒரு வரி அடிக்க வேண்டும். கருவியின் பெயர், உள்ளே போகும் வால்யூமின் பெயர், வெளியே வரும் வால்யூமின் பெயர், கடைசியில் ஆறு மடங்கு என்பதற்குச் சி ஆறு என்று ஒரு குறிப்பு. அதை வாங்கிக்கொண்ட கருவி, வால்யூமை நடு அச்சில் ஆறில் ஒரு பங்கு திருப்பும், மறுபடி திருப்பும், சுற்று முடியும்வரை திருப்பும். திருப்பின எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்துத் தரும். ஆறு கையும் உண்மையிலேயே ஒன்றுபோல இருந்தால் இது அருமையான வழி. இரைச்சல் குறையும், மங்கல் தெளியும். ஆனால் ஒரு கை வேறு மாதிரி இருந்தால்? ஒரு டம்ளர் பாலில் மட்டும் சர்க்கரை போட்டுவிட்டு, அதை வெறும் பால் இருக்கிற ஐந்து டம்ளரோடு கலந்து ஊற்றினால் எப்படியோ அப்படித்தான். எந்த டம்ளரிலும் இனிப்புத் தெரியாது. போட்டவளுக்கு மட்டும் போட்டது தெரியும்.

அந்தக் கருவி ஒரு வார்த்தை கேட்காது. உண்மையிலேயே ஆறு கையும் ஒன்றுதானா என்று கேட்காது. நாற்காலியைக் கொடுத்தாலும் ஆறு மடங்கு திருப்பித் தரும். அதைக் கேட்க வேண்டியவர் மனுஷர். எங்கள் மனுஷர் வாழ்க்கையில் அந்த வரியை ஒரு முறை கூட அடித்தவர் அல்லர்.

கமிட்டி முடிந்து வந்தவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். "போடு, பாப்போம்" என்றார். ஒப்பிட்டுப் பார்க்க எப்படியும் போட வேண்டியதுதான், வழக்கமான வேலை. முதலில் வால்யூமின் அச்சை நேராக்கினேன். சாய்ந்திருந்தால் கருவி சாய்வாகவே திருப்பிக் குளறிவிடும். அப்புறம் அந்த வரியை அடித்தேன். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது.

திரையில் வந்ததைக் குறை சொல்ல முடியாது. ஆறு கையும் அச்சில் வார்த்த மாதிரி. தெளிவு, வழவழப்பு, பளபளப்பு. மரு இருந்த இடம் சுத்தமாகப் பூசி மெழுகியிருந்தது. சார் என் தோளுக்குமேல் குனிந்து, "இதாம்மா" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் முன்னே பின்னே கேட்டதில்லை. "கோலம் போட்ட மாதிரி இருக்கு பாரு. போய் கலர்ல ஒரு பிரிண்ட் எடுத்துட்டு வா."

"சார், இது ஒப்பிட்டுப் பாக்கத்தான்..."

"எடுத்துட்டு வாம்மா. அப்பறம் பேசிக்கலாம்."

கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்கார அண்ணனுக்கு எங்கள் ஆய்வகத்து வழக்கம் தெரியும். என்னைக் கண்டதுமே, "என்னம்மா, கலரா? கண்ணாடிக்குக் கீழ போகுதா?" என்று கேட்டுச் சிரித்தார். பிரிண்டோடு திரும்பினேன். சாரும் சீனியர் அண்ணனும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக் கண்ணாடியைத் தூக்கினார்கள். படம் உள்ளே போனது. கண்ணாடி இறங்கியது. அப்பறம் பேசிக்கலாம் என்றாரே, அந்த அப்பறம் வரவேயில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். மறுநாள் போய்ச் சொன்னேன். வாராந்தரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னேன். இரண்டு பாதியிலும் மரு வருகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மருவை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க எங்கள் ஒற்றைக் கம்ப்யூட்டரைச் சில வாரங்கள் விடுங்கள் என்று கேட்டேன். கம்ப்யூட்டர் அடுத்த ஆளுக்கு வேண்டும் என்றார் சார். சரி, தீசிஸில் ஒரு அத்தியாயமாவது, இப்படி ஒன்று தெரிகிறது, சரிபார்க்க வேண்டும் என்று எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

"தீசிஸ்ல சந்தேகத்த எழுதக்கூடாதும்மா. எக்ஸாமினர் அதத்தான் பிடிச்சுத் தொங்குவான். நம்ம மூக்க நாமளே உடைச்சுக்கணுமா?"

சீனியர் அண்ணன் கேன்டீனில் வைத்து என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "தங்கச்சி, அந்தாளோட மல்லுக்கட்டி ஜெயிச்சவன் இங்க எவனும் இல்ல. அவரு சொல்றத எழுதிக் குடுத்துட்டுப் பட்டத்த வாங்கிட்டு ஓடிரு. மருவ அப்பறம் பாத்துக்கலாம். அது எங்க போயிரப் போகுது?"

வீட்டில் அப்பா சாப்பாட்டு ஜெபத்தில் தினமும் என் ஆராய்ச்சிக்கு ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தார். ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் பிரயாசத்தைச் சாட்சியாக நிறுத்தும் என்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு, சாட்சியைத்தான் மெழுகிவிட்டார்களே அப்பா என்று நினைத்துக்கொள்வேன். வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் அவர் சாப்பிட மாட்டார்.

அண்ணன் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். மரு எங்கேயும் போகாது. சிமெட்ரி போடாத முதல் வால்யூம் டிஸ்க்கில் இருக்கிறது. அது இருக்கிறவரை, பட்டம் வாங்கின பிறகாவது, வேறு இடத்துக்குப் போயாவது, உண்மையை எழுதலாம். எனக்கு எல்லாமே அந்த ஒரு ஃபைல்தான். வெளியே எடுத்துப் போக வழியில்லை. முன்னொரு காலத்தில் யாரோ ஒருவர் படங்களைச் சுருட்டிக்கொண்டு வேறு ஆய்வகத்துக்குப் போய்விட்டாராம். அதிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகினால் வேலை செய்யாது, நெட்டும் கிடையாது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று சாரிடம் கேட்டேன். "எதுக்கும்மா? இங்கதான இருக்கு" என்றார்.

ஆய்வுக் குழு ஒன்று கல்லூரியைப் பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள், பழைய பெஞ்சுகளை மாடிக்கு ஏற்றினார்கள். டிஸ்க் நிறைந்து வழிகிறது, புதுப் பையனுக்கு இடமில்லை என்று யாரோ சார் காதில் போட்டிருக்கிறார்கள். நான் அன்றைக்குத் தீசிஸ் பைண்டிங் வேலையாக டவுனுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சீனியர் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"ஒன் போல்டர கிளீன் பண்ணியாச்சு தங்கச்சி. முடிஞ்சு போனதுல எல்லாம் கண்ணாடிக்குக் கீழ உள்ளதுக்கு ஃபைல் இருந்தாப் போதும், மிச்சத்த அழின்னு சாரு சொன்னாரு. நான் சொன்னேன், அந்த ஒண்ண மட்டும் வச்சுக்கலாம் சார், சின்ன ஃபைலுதான்னு. பக்கத்துலயே நின்னாரு. நின்னு பாத்துட்டுத்தான் போனாரு."

ஒரு சினிமாப் பட அளவு கூட இல்லாத ஃபைல். நுண்ணோக்கி இருந்த ஊருக்குப் போன் போட்டேன். அவர்கள் படங்களைக் கொஞ்ச காலம்தான் வைத்திருப்பார்களாம், எப்போதோ அழித்தாயிற்று. ஹார்ட் டிஸ்க்கையும் அடுத்த படங்களுக்காகத் துடைத்து அனுப்பியாயிற்று. நான் பாத்ரூமில் போய் அழுதேன். வேறு எங்கே போய் அழுவது?

பட்டம் கிடைத்தது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வந்த பெரியவரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கோலம் மாதிரி இருக்கிறது என்றார். கோலம் என்ற வார்த்தையே எனக்கு வெறுத்துப்போனது. அப்பா வீட்டு கேட்டில் என் பெயருக்கு முன்னால் டாக்டர் சேர்த்து ஒரு பலகை மாட்டினார். பக்கத்து வீட்டு ஆள் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தார். ஆராய்ச்சி வேலைக்கு எழுதிப் போட்டேன், உங்கள் வேலையில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆறு கை உள்ள புரதத்துக்கு ஆறு கை இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் நான். கடைசியில் கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கப் போனேன். இன்றைக்கும் அதுதான் வேலை.

போன வருஷம் ஒரு மத்தியானம், ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன், சீனியர் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றின் கட்டுரை. கீழே ஒரே வரி, "தங்கச்சி, ஒன் மரு."

அதே குடும்பத்து வாசல்தான். ஐந்து கை ஒரு மாதிரி, ஆறாவது கையில் புடைப்பு. அதைச் சிவப்பு நிறத்தில் காட்டியிருந்தார்கள். தாழ்ப்பாள் என்று எழுதியிருந்தார்கள். சிமெட்ரி போட்டுவிட்டுப் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாமல் போகும் என்று ஒரு எச்சரிக்கை வேறு. டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். பொறாமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், ஆமாம், பொறாமைதான். நான் பார்த்ததை இன்னொருத்தி பார்த்து, அவளோடு இருந்தவர்கள் அவளைப் பார்க்க விட்டிருக்கிறார்கள்.

அந்த வாரமே சாரிடமிருந்து போன். இத்தனை காலத்தில் அதுதான் முதல் போன்.

"எப்படிம்மா இருக்க? சனிக்கிழமை ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"வாரேன் சார்" என்று என் வாய் தானாகச் சொன்னது. பழக்கதோஷம்.

போனேன். அதே அறை, அதே மேசை. கட்டுரை அச்செடுத்து எதிரில் வைத்திருந்தார். "பாத்தியா? இது நமக்கு முன்னாடியே வந்துச்சுல்ல? நாமதான் மொதல்ல பாத்தோம்னு அவங்களுக்கு எழுதணும்மா. அந்தப் பழைய ஃபைலு, சிமெட்ரி போடாதது, உன்கிட்ட இருக்கும்ல?"

நாமதானாம். எனக்குச் சிரிப்பு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். "அழிச்சிட்டீங்களே சார்" என்றேன்.

"போட்டது இருக்குல்ல? அதுல இருந்து திரும்ப எடுத்துர முடியாதா? கம்ப்யூட்டர்ல முடியாதது என்ன இருக்கு?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். என் பெயரில் இருந்த போல்டரில் ஒரே ஒரு வால்யூம். திறந்து, ஒரு கை அளவுக்குத் திருப்பிக் காட்டினேன். திருப்பினதே தெரியவில்லை. இன்னொரு கை அளவு திருப்பினேன். அதே படம்.

"இதுக்குத் திரும்பிப் போற கட்டளை கிடையாது சார். எல்லாக் கையும் கலந்தாச்சு. எந்தக் கையில இருந்துச்சுன்னு இந்த ஃபைலுக்கே தெரியாது. இதக் காட்டினா, நம்ம கிட்ட ஒண்ணும் இல்லன்னுதான் சாட்சி சொல்லும்."

அவர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ அப்பவே சொல்லியிருக்கணும்மா."

"சொன்னேன் சார்."

"சொன்ன, இல்லங்கல. அழுத்திச் சொல்லல."

அவர் எழுந்து கண்ணாடியின் ஒரு முனையைத் தூக்கினார். என்னை இன்னொரு முனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். என் படத்தை வெளியே இழுத்தார். எப்போதோ டீ சிந்தி ஊறி அது கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்ததில் கிழிந்து, படத்திலிருந்த ஒரு கை கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார், வரவில்லை. மிச்சத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"ஒண்ணு பண்ணு. இந்தக் கட்டுரையில அந்தச் சிவப்புப் படம் இருக்குல்ல, அத மட்டும் கலர்ல பெருசா ஒரு பிரிண்ட் எடுத்துட்டு வந்துரு. இதே எடத்துல வைப்போம். வர்றவங்க கேட்டா, நம்ம லேப்லயும் இதத்தான் பாத்தோம்னு சொல்லலாம்ல."

கட்டுரையை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் அதே ஜெராக்ஸ் கடை, அதே கடைக்கார அண்ணன், முடி மட்டும் நரைத்திருந்தது. என் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் மெஷினைத் திறந்தார்.

"என்னம்மா, ரொம்ப நாளாச்சு. கலரா?"

"இல்லண்ணே. வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பசுமலை பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.